மாறுவதா, இருப்பதா? ஓய்வூதியத் தேர்வு குறித்துச் சில எண்ணங்கள்

ஓய்வூதியம் என்னும் சொல்லைப் பிரித்தால் ஓய்வு, ஊதியம் என இரு சொற்கள் நிற்கும். ஊதியம் என்றால் இன்று சம்பளம் என்றே கொள்கிறோம். வள்ளுவர் காலத்தில் அச்சொல் ஆதாயத்தைக் குறித்தது. தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஒரு செயலில் இறங்குமுன் அதனால் கையை விட்டுப் போவது எது, கைக்கு வருவது எது, வந்தது பின்னாளில் ஈட்டித் தருவது எது என மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்லும் அவர், அம்மூன்றாவதற்கு இட்ட பெயர் ஊதியம் என்பதே. வகுப்பறையில் இக்குறளை அரசனுக்கும் வணிகனுக்கும் பொருத்திக் காட்டுவது தமிழாசிரியர்களாகிய நமது வழக்கம். அண்மைக் காலத்தில் இதனை ஓய்வுபெறும் வாயிலில் நிற்கும் ஊழியருக்குப் பொருத்திப் பார்க்கும் நிலை நமக்கு ஏற்பட்டது. பழைய ஓய்வூதியத் திட்டத்திலேயே இருந்துவிடுவதா, புதியதற்கு மாறுவதா என்னும் வினா நம் வீட்டுக் கூடங்களுக்கே வந்துவிட்டது. அவ்வினாவை நம்மவர் பலரும் தவறான முனையிலிருந்து அவிழ்க்கின்றனர் என்பது நமது கருத்து.

விருப்பத் தேர்வுப் படிவம் புதுவை மக்களுக்குப் புதிய பொருளன்று. 1954 நவம்பர் 1ஆம் நாள் இங்கே ஆட்சி கைமாறியது. 1956 மே 28ஆம் நாள் இந்தியாவும் பிரான்சும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள்தான் அவ்வொப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அந்நாள் முதல் இந்தியக் குடிமக்கள் ஆயினர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்போர் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே பிறந்து வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்கோ விதி தலைகீழாக அமைந்தது. அவர்கள் வாய் திறவாதிருந்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே தொடர்வர். இந்தியராக வேண்டுமெனில் எழுதிக் கொடுக்க வேண்டும். மௌனத்துக்கும் சட்டம் ஒரு பொருள் வைத்திருந்தது என்பதையும், அப்பொருள் ஆளிருக்கும் இடத்துக்கேற்ப மாறியது என்பதையும் மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும். அண்ணன் கையெழுத்திட்டார், தம்பி இடவில்லை என்னும் கதைகளை முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சைகோனுக்குச் சென்று திரும்பியவர்களின் பெட்டிகளில் அத்தாள்கள் இன்னும் இருக்கின்றன.

அவ்வொப்பந்தத்தில் ஓய்வூதியத்துக்கும் ஓரிடம் இருந்தது. பிரான்சு நாட்டின் வரவுசெலவிலிருந்து வழங்கப்பட்ட ஓய்வூதியங்களை, பெறுபவர் இந்தியக் குடியுரிமை பெற்றுவிட்டாலும் பிரான்சே தொடர்ந்து வழங்க வேண்டும். உள்ளூர் வரவுசெலவிலிருந்து வழங்கப்பட்டவற்றை இந்திய அரசு ஏற்க வேண்டும் என்று எழுதினர். ஆட்சி மாறியபோதும் ஓய்வூதியத்துக்குப் பொறுப்பாளி யார் என்பதை அன்றே தெளிவாக வரையறுத்த ஏற்பாடு அது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரைப் புதுவையில் ‘சொல்தா’ என்பர். ஆண்டுதோறும் ஜூலை 14ஆம் நாள் கடற்கரைச் சாலையிலுள்ள போர் நினைவுச் சின்னத்தின்முன் பதக்கங்கள் அணிந்து வந்து நிற்கும் முதியவர்களைக் கண்டிருப்பீர்கள். சொல்தா வீட்டுப் பிள்ளை என்றாலே கடைக்காரர் கடன் கொடுப்பார் என்று எம் இளமையில் கூறுவதுண்டு. அந்த மதிப்புக்குக் காரணம் தொகை மட்டுமன்று. அது மாதந்தோறும் வரும். விலைவாசி ஏறினால் தானும் ஏறும். அவர் மறைந்தால் மனைவிக்கும் ஒரு பகுதி வரும் என்பதே.

அதே பிரான்சு வேறு சிலருக்குச் செய்ததையும் இங்கே கூறுதல் வேண்டும். 1959 டிசம்பரில் நிறைவேறிய நிதிச் சட்டம் ஒன்று, அந்நாட்டின் ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளின் குடிமக்கள் பெற்றுவந்த ஓய்வூதியங்களை அப்போதிருந்த அளவிலேயே நிறுத்தியது. அல்ஜீரியா, செனகல் முதலிய நாட்டுப் படைவீரர்கள் ஒரே போரில் ஒரே அணியில் நின்ற பிரெஞ்சு வீரரைவிடப் பன்மடங்கு குறைவான தொகையை அரை நூற்றாண்டுக் காலம் பெற்றுவந்தனர். 2010 மே 28ஆம் நாள் அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் இவ்வேறுபாடு செல்லாது என்றது. 2011 முதல் தொகைகள் சமமாக்கப்பட்டன. அதற்குள் பெரும்பாலோர் மண்ணுக்குள் சென்றுவிட்டனர். அவர்களுடைய ஓய்வூதியத்தை எவரும் பறிக்கவில்லை, குறைக்கவுமில்லை. உயர்த்தாமல் விட்டனர், அவ்வளவுதான்.

அவ்வளவு தொலைவு போவானேன்? எம் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரோடியர் மில் என்று ஊரார் அழைக்கும் ஆங்கிலோ-பிரெஞ்சு பஞ்சாலையில் தறியோட்டியவர். 1898இல் தோன்றிய அந்த ஆலை 2020 ஏப்ரல் 30ஆம் நாள் மூடப்பட்டது. அதற்கு நெடுநாள் முன்பே அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கு வரும் பென்ஷன் மாதம் ஆயிரத்து முந்நூறு ரூபாய்ச் சொச்சம். முதல் மாதம் எவ்வளவு வந்ததோ அதுவேதான் இன்றும் வருகிறது. “தம்பி, அப்போது இந்தப் பணத்தில் வீட்டு அரிசி வாங்கினேன். இப்போது மாத்திரை வாங்குகிறேன். அடுத்து என்ன வாங்குவேனோ?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அச்சிரிப்புக்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

அவர் பெறுவது தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், 1995 என்னும் ஏற்பாட்டின்கீழ் வருவது. 1971இல் தோன்றிய குடும்ப ஓய்வூதியத் திட்டத்திலிருந்தவர்கள் 1995 நவம்பர் 16 முதல் இதற்குள் கொண்டுவரப்பட்டனர். நம் கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவு ஆசிரியர்கள், தொழிற்பேட்டைப் பணியாளர்கள், கடை, மருத்துவமனை ஊழியர்கள் எனத் தனியார் துறையிலுள்ள நம்மவர் பலரும் இதற்குள் வருகின்றனர். ஆதலால் இதன் நடைமுறையைச் சற்று விரித்துரைத்தல் தகும். வருங்கால வைப்புநிதிக்காக முதலாளி செலுத்தும் நூற்றுக்கு 12 பங்கில் 8.33 பங்கு ஓய்வூதிய நிதிக்குச் செல்கிறது. 2014 செப்டம்பரில் வகுத்தபடி மாதச் சம்பளத்தில் 15,000 ரூபாய் வரையில்தான் இக்கணக்கு; அதாவது மாதம் அதிக அளவாக 1,250 ரூபாய். ஓய்வூதியம் காண, இறுதி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். பத்தாண்டுப் பணி இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் கிட்டும். மறைந்தவரின் துணைவர்க்குப் பாதி. குறைந்த அளவு மாதம் 1,000 ரூபாய் என 2014 செப்டம்பரில் அறிவித்தனர். பத்தாண்டு கடந்தும் அத்தொகை உயரவில்லை. அகவிலைப்படி இத்திட்டத்தில் இல்லை. இக்கடைசிச் செய்தியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்க.

2022 நவம்பர் 4ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின் வழியே, 2014 செப்டம்பர் 1ஆம் நாள் பணியிலிருந்தோர் தம் முழுச் சம்பளத்தின் அடிப்படையில் கூடுதல் ஓய்வூதியம் பெற வாய்ப்புக் கிட்டியது. முழுச் சம்பளத்துக்கும் வைப்புநிதி செலுத்தியவர்களுக்கே இது பொருந்தும். விண்ணப்பிக்கும் நாள் பலமுறை நீட்டிக்கப்பட்டு 2023 ஜூலை 11இல் முடிந்தது. பதினேழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். கூடுதல் ஓய்வூதியம் இலவசமாக வருவதன்று. அத்தனை ஆண்டுகளுக்கும் உரிய கூடுதல் பங்கு, அதற்கான வட்டியுடன், ஊழியரின் வைப்புநிதிக் கணக்கிலிருந்து ஓய்வூதிய நிதிக்கு மாற வேண்டும். பெட்டியிலிருக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டு மாதாமாதம் ஒரு தொகை பெறுவதாக எழுதிக் கொடுப்பது அது. போன பணம் போனதுதான். கணவனும் மனைவியும் மறைந்தபின் முதலைத் திருப்பித் தரும் வழக்கம் முன்பு விருப்பத்தின்பேரில் இருந்தது; 2008இல் அதனையும் எடுத்துவிட்டனர்.

எம் தங்கையின் கணவர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் 1996இல் சேர்ந்து 2024இல் ஓய்வு பெற்றவர். கடைசி நாள் நெருங்கியபோதுதான் விண்ணப்பம் எழுதினார். பின்னர் எவ்வளவு மாற்ற வேண்டும் என்னும் கடிதம் வந்தது. மாற்றாவிட்டால் மாதம் ஏறத்தாழ 4,000 ரூபாய் ஓய்வூதியம். மாற்றினால் ஏறத்தாழ 10,000. மாற்ற வேண்டிய தொகையோ ஏழு இலட்சத்தை ஒட்டியது. “மச்சான், நீங்கள் படித்தவர், ஒரு வழி சொல்லுங்கள்” என்று தாளை நீட்டினார். தமிழ் படித்தவனிடம் கணக்குக் கேட்கிறாரே என்று முதலில் தயங்கினோம். ஆயினும் உட்கார்ந்து கணக்கிட்டோம்.

மாதம் 6,000 கூடுதல் என்றால் ஏழு இலட்சத்தைத் திரும்ப எடுக்க 117 மாதம், ஏறத்தாழ ஒன்பதே முக்கால் ஆண்டு ஆகும். அதாவது 68 வயதை நெருங்கும்போதுதான் கொடுத்தது திரும்பும். அதே ஏழு இலட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டால், அப்போதைய 8.2 விழுக்காட்டு வட்டியில் மாதத்துக்கு 4,780 ரூபாய் வீதம் கிடைக்கும். முதலும் கையில் நிற்கும். 6,000 எங்கே, 4,780 எங்கே? வேறுபாடு ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். அதற்காக ஏழு இலட்சத்தை இழப்பதா? “மாற்ற வேண்டாம்” என்று உறுதியாகக் கூறிவிட்டோம். தேநீர் அருந்திவிட்டு எழுந்தும் விட்டோம்.

அதுவரை அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தங்கை அப்போது இரண்டு செய்திகளைக் கூறினாள். அவர்கள் வீட்டில் வட்டி வாங்கும் வழக்கமில்லை. ஆதலால் 4,780 என்னும் எண் அந்த வீட்டில் இல்லாத எண். நாம் அதை மறந்தே போனோம். இரண்டாவது செய்தி இன்னும் கூரியது. “அண்ணே, ஏழு இலட்சம் வீட்டில் இருந்தால் ஊருக்கெல்லாம் தெரியும். மாதாமாதம் வந்தால் எனக்கு மட்டும்தான் தெரியும்.” மைத்துனர் தலை குனிந்தார். அவருடைய பெரியப்பா மகன் கடை விரிவாக்கப் பங்குப் பணம் கேட்டு இரண்டு முறை வந்துபோயிருந்தார் என்பது அதன்பின்தான் நமக்குத் தெரிந்தது. பங்குத் தொழில் நல்லதுதான். ஆனால் 58 வயதில் உள்ள முதலெல்லாம் ஒரே கடையில் போவது வேறு.

பின்னர் அவள் கேட்டாள்: “இவருக்குப் பிறகு எனக்கு எவ்வளவு வரும்?” அதைத்தான் நாம் கணக்கிடவேயில்லை. மாற்றாவிட்டால் 2,000, மாற்றினால் 5,000. அவளுக்கும் அவருக்கும் ஒன்பது வயது வேறுபாடு. எம் தாயார் 88 வயது வரை இருந்தவர். அந்தக் கணக்கில் பார்த்தால், ஓய்வூதியத்தை மைத்துனர் பெறப்போகும் ஆண்டுகளைவிடத் தங்கை பெறப்போகும் ஆண்டுகள் குறைவாக இருக்குமென்று யார் சொல்வது? கையொப்பம் அவருடையது, அதன் விளைவில் நெடுங்காலம் வாழப்போகிறவள் அவள். படிவத்தில் அவளுக்கென்று கையொப்பமிட இடம் இல்லை.

ஆயினும் மாற்றச் சொல்வதிலும் நமக்கு அச்சம் இருந்தது, இன்றும் இருக்கிறது. பக்கத்துத் தெருப் பெரியவரின் சிரிப்பை மறக்க இயலவில்லை. அகவிலைப்படி இல்லாத பத்தாயிரம், விலைவாசி ஆண்டுக்கு ஆறு விழுக்காடு ஏறுமானால் பன்னிரண்டு ஆண்டில் வாங்கும் ஆற்றலில் பாதியாகிவிடும். மைத்துனர்க்கு 70 வயதாகும்போது அது இன்றைய ஐயாயிரம். 82இல் இரண்டாயிரத்து ஐந்நூறு. தங்கைக்கு வரும் பாதியோ அதிலும் பாதி. எனவே மாதத் தொகையிலிருந்தே ஒரு பகுதியை முதல் ஐந்தாண்டில் எடுத்துவைத்து மாடியில் ஓர் அறை கட்டி வாடகைக்கு விடுவது என முடிவு செய்து, மாற்றவே உடன்பட்டனர். வாடகை விலைவாசியோடு ஏறும், ஓய்வூதியம் ஏறாது. ஏறாத ஒன்றுக்கு ஏறும் ஒன்றைத் துணைக்கு வைத்தனர். இம்முடிவு எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என நாம் கூறவில்லை. மனைவிக்குத் தனி வருவாய் உள்ள வீட்டில், அல்லது நோயுற்று ஆயுள் குறுகிய ஒருவர்க்கு, மாற்றாதிருப்பதே தக்கது. நாம் வற்புறுத்துவது கணக்கின் வரிசையை. எதில் தொகை மிகுதி என்பதைக் கடைசியில் கேட்க வேண்டும். அது விலையோடு ஏறுமா, நெடுநாள் வாழ்ந்தால் தீர்ந்துபோகுமா, துணைவர்க்கு எவ்வளவு நிற்கும் என்பவற்றை முதலில் கேட்க வேண்டும். நாமே வரிசை தவறிக் கேட்டோம் என்பதை மேலே ஒப்புக்கொண்டோம்.

இவ்வரிசையில் வைத்துப் பார்த்தால் மத்திய அரசு ஊழியர் முன் வைக்கப்பட்ட தேர்வு வேறு முகம் காட்டுகிறது. 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தோர்க்கு, படைத்துறையினர் நீங்கலாக, பழைய ஓய்வூதியம் இல்லை. தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். ஊழியர் நூற்றுக்கு 10, அரசு 2019 ஏப்ரல் முதல் 14 எனச் செலுத்துவது முதலீடு செய்யப்பட்டு, ஓய்வின்போது சேர்ந்திருப்பதில் 60 விழுக்காடு வரை கையில் பெறலாம். குறைந்தது 40 விழுக்காட்டைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து ஆயுள் வரை மாதத் தொகை வாங்க வேண்டும். சந்தை உயர்ந்த ஆண்டில் ஓய்வு பெற்றவர்க்கு ஒரு கணக்கு, தாழ்ந்த ஆண்டில் பெற்றவர்க்கு ஒரு கணக்கு.

2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என இன்னொன்று வந்தது. இதில் 25 ஆண்டுப் பணி முடித்தவர்க்குக் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி ஓய்வூதியமாகும். விலைவாசிக்கேற்ற அகவிலை நிவாரணம் உண்டு. துணைவர்க்கு அறுபது விழுக்காடு. பத்தாண்டு முடித்தவர்க்கும் குறைந்தது மாதம் 10,000. இவற்றுக்கு ஈடாகக் கணக்கில் திரண்ட பெருந்தொகையை விட்டுக்கொடுக்க வேண்டும். தேர்வுக்கான நாள் 2025 ஜூன் 30 என்று தொடங்கி, செப்டம்பர் 30 ஆகி, நவம்பர் 30 வரை நீண்டது. தகுதியுடைய இருபத்து மூன்று இலட்சம் பேரில் மிகச் சிறிய பகுதியினரே மாறினர்.

புதுவையில் மத்திய அலுவலகங்களில் பணிபுரியும் நண்பர்கள் சிலரும் நம்மிடம் வந்தனர். படிவத்தின் மொழி அத்தகையது. எந்த மொழியாசிரியராவது உரை எழுதினால்தான் விளங்கும். ஏன் மாறவில்லை என்று கேட்டோம். கிடைத்த விடைகள் பலவகை. கணக்கில் எழுபது, எண்பது இலட்சம் சேரப்போகிறது, அதை விடுவானேன் என்றார் ஒருவர். பழைய ஓய்வூதியமே திரும்ப வரும், அதற்கு முன் இதில் கையெழுத்திட்டால் அக்கோரிக்கை வலுவிழக்கும் என்றார் தொழிற்சங்கத்தில் ஈடுபாடுடைய ஒருவர். அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஓய்வூதியம் ஆட்சியாளரின் கருணைக்கொடை அன்று என 1982 டிசம்பர் 17ஆம் நாள் நகாரா வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. போராடிப் பெற்ற உரிமைகளைத் தனித்தனியே கையொப்பமிட்டுக் கரைத்துவிடக் கூடாது என்னும் உணர்வு மதிக்கத்தக்கது. மூன்றாமவர் கூறியதுதான் நம்மை வருத்தியது: “எல்லாரும் சும்மா இருந்தார்கள், நானும் இருந்துவிட்டேன்.”

முதலிருவரும் தேர்ந்தெடுத்தவர்கள். மூன்றாமவர்க்காக மௌனம் தேர்ந்தெடுத்தது. 1962இல் நடந்ததைப் போலவே இங்கும் எழுதிக் கொடுக்காதவர் எங்கே நிற்பார் என்பதை விதியே முடிவு செய்திருந்தது. புதிய திட்டத்துக்குச் சென்றவர் வேண்டாமெனில் ஓய்வுக்கு ஓராண்டுக்கு முன்புவரை ஒருமுறை தேசியத் திட்டத்துக்குத் திரும்பலாம் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்திருந்தனர். செல்லாதிருந்தவர்க்கோ நாள் முடிந்தபின் உள்ளே வர வழியில்லை. ஒருபுறம் திறந்தும் மறுபுறம் மூடியும் இருக்கும் கதவு என்றால், ஐயமுடையவர் எப்பக்கம் நிற்பது அறிவு? வேறு சொத்தோ வருவாயோ இல்லாத, இருபத்தைந்து ஆண்டுப் பணியை நிறைவு செய்யக்கூடிய ஊழியர் ஒருவர் நம்மைக் கேட்டால், அகவிலை நிவாரணமும் துணைவர்க்கு அறுபது விழுக்காடும் உள்ள பக்கம் செல்க என்றே கூறியிருப்போம். எழுபது இலட்சம் என்னும் எண் பெரியது. அதை முப்பது ஆண்டுக்குப் பிரித்துப் பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தோன்றாது. அப்பணம் முப்பது ஆண்டும் வீட்டில் தங்கும் என்பதற்கும் உறுதியில்லை. திருமணம், மனை, மருத்துவம் என அதற்கு வாய்கள் பல.

மாணவர்கள் இதையெல்லாம் முதியோர் பேச்சு என ஒதுக்கிவிடலாகாது. அவர்களிடமே இப்பொருள் தொடங்குகிறது. நம் கல்லூரியிலிருந்து படித்து வெளியேறும் பிள்ளைகள் ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் தொழிற்சாலைகளில் சேர்கின்றனர். மூன்றாண்டில் வேறு நிறுவனம். பின் நான்காண்டில் இன்னொன்று. ஒவ்வொரு முறை விலகும்போதும் பி.எஃப். பணத்தோடு ஓய்வூதியப் பங்கையும் படிவம் எழுதி எடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கிவிடுகின்றனர். நான்கும் மூன்றும் ஐந்தும் ஆக 12 ஆண்டுப் பணி இருந்தும், இடையிடையே எடுத்துவிட்டமையால் கடைசியில் ஐந்தாண்டுப் பணியே கணக்கில் நிற்கிறது. பத்தாண்டு நிறையாததால் மாத ஓய்வூதியம் இல்லை. மாறாகப் பழைய நிறுவனத்துக் கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தால் பன்னிரண்டும் சேரும். வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ செல்பவர் பணத்தை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் பெற்று வைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்து பணியில் சேர்ந்தால் பழைய ஆண்டுகளும் எண்ணப்படும். திருமணத்துக்கு முன் எழுதிய வாரிசு நியமனத்தைத் திருமணத்துக்குப் பின் புதுப்பித்து எழுத வேண்டும் என்பதை எத்தனை பேர் அறிவர்? ஜமாஅத்துப் பெரியவர்கள் திருமணப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் நாளிலேயே மாப்பிள்ளையிடம் இதனையும் நினைவூட்டினால் நன்று. சிரிப்பார்கள், பரவாயில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தேர்வுப் படிவம் வந்தவுடன் ஆசிரியர் அறையில் கூடிப் பேசுகிறோம். மூத்தவர் ஒருவர் எப்பக்கம் சாய்கிறாரோ அப்பக்கம் பத்துப்பேர் சாய்கின்றனர். அவருடைய மனைவி அரசுப் பணியிலிருப்பார், மகன் வெளிநாட்டிலிருப்பான். அவருக்குச் சரியானது நமக்கும் சரியாகும் என்பதற்கு என்ன ஆதாரம்? படிவத்தை ஒருநாள் வீட்டுக்கு எடுத்துச் சென்று, அடுக்களை வாசலில் நிற்பவரை அழைத்து அமர்த்தி, வாய்விட்டுப் படித்துக் காட்டிய பின் கையெழுத்திடலாம்.

எம் மைத்துனர் படிவம் கொடுத்தபோது இணைப்பாக இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம் வேண்டுமெனக் கேட்டனர். நேரு வீதியில் ஒரு படப்பிடிப்புக் கூடத்துக்குச் சென்று எடுத்துவந்தனர். ஒரு படியைத் தங்கை எம்மிடமும் கொடுத்தாள். கல்யாணத்துக்குப் பின் இருவரும் தனியே நின்று படமெடுத்துக்கொண்டது அன்றுதானாம்.